செல்லாயி அனுப்பிய கேசட்

மூன்று கேசட் பேசி அனுப்பிய பிறகு, அக்காவிடமிருந்து வந்த முதல் பதில் அது. வந்து பதினெட்டு நாளாகியும் வீரம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

மலேசியக் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு இனி ரப்பர் தோட்டத்தில் வேலையில்லை என்றானதும், அக்கா செல்லாயி புருஷனோடு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிவிட்டாள். அக்கா, தங்கை இருவருக்குமே எழுதப் படிக்க வராது. அதனால்தான் வீரம்மா தன் ஜெலாப்பாங் தொழிற்சாலைச் சம்பளத்தில் ஒரே மாதிரி இரண்டு டேப் ரெக்கார்டர் வாங்கி, ஒன்றை அக்காவின் பெட்டியில் வைத்தாள். பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேற்றும்போது அந்தப் பெட்டி தொப்பென்று ஒரு தடவை கீழே விழுந்தது. அழுகிற அவசரத்தில் யார் அதைக் கவனித்தார்கள்?

இப்போது கேசட்டைப் போட்டால், போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருந்தது. பக்கத்து வீட்டு மெஷினில் "வீரம்மா" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. காப்பிக்கடை மெஷினில் அதுவுமில்லை. அதே மெஷின்களில் சினிமாப் பாட்டு மட்டும் கணீரென்று பாடித் தொலைத்தது. பாட்டா கேட்டாள் அவள்? அக்காவின் குரலுக்கு அல்லவா ஏங்கிச் செத்தாள்.

சனிக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனாள், ரேடியோ ரிப்பேர்க்காரர் பழனியப்பனிடம்.

"கேசட்டும் நல்லாத்தான் இருக்கு, ஒன் மெஷினும் நல்லாத்தான் இருக்குலா," என்றார் அவர். "பேசிப் பதிஞ்ச மெஷின் எங்கயாச்சும் விழுந்துச்சா தங்கச்சி?"

பெட்டி விழுந்ததைச் சொன்னாள்.

"அதான். நாடாவைத் தொடுற ஹெட்டு அங்க சாஞ்சிருக்கு. இங்கயும் அதே அளவு சாச்சாத்தான் கேக்கும்."

கேசட்டை ஓடவிட்டு, ஒரு சின்ன ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். முனகல் மெல்லத் தெளிந்தது. சட்டென்று அக்கா கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி வீரம்மா, நீ அனுப்புன மூணு கேசட்டும் இங்க ஒரே முனகல். ஒரு வார்த்த புரியல. ஆனாலும் தெனமும் போட்டுக் கேக்கிறேன். நீதான் பேசுறேன்னு தெரியுதுல்ல, அது போதும்."

வீரம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பழனியப்பன் பார்க்காதவர் போல ஈயக்கம்பியைச் சுருட்டினார்.

"கேட்டு முடிம்மா. பொறவு பழையபடி திருப்பி வெச்சிடுறேன். இல்லாட்டி ஒன் பாட்டு கேசட்டெல்லாம் முனகும்."

"பாட்டு கெடக்கட்டும்ணே. இப்ப நான் இதுல பேசிப் பதிஞ்சா, அங்க அக்காவுக்குத் தெளிவாக் கேக்குமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேக்கும். ரெண்டு ஹெட்டும் இப்ப ஒரே சாய்வுதானே."

"அப்ப அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்க. புது கேசட்டு ஒன்னு குடுங்க."

மூன்று கேசட்டிலும் சொன்னதையெல்லாம் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.