விறகுவெட்டி வீடு திரும்பினான்

அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஏழு மணிக்கு மரகதம் பாயை உதறிப் போட்டு, கதைப் புத்தகத்தை அப்பாவின் மடியில் வைத்து, "வாசிங்க" என்றாள். வேலையாளிடம் சொல்வதுபோல இருந்தது ஜம்புலிங்கத்துக்கு.

ஐந்து வயது மகளோடு அவர் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. பாராடாங் காட்டில், மரம் வெட்டும் முகாமில் அவர் மேஸ்திரி. மாதம் ஒருமுறை லாஞ்ச் படகில் டவுனுக்கு, மின்னி பேயில் இருக்கும் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருப்பார். இம்முறை மனைவி நீலாவதிக்குப் பிரசவம். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ரோசலின் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "கதை வாசிக்காம பிள்ள உறங்கமாட்டா, அண்ணே. இன்னைக்கு உங்க பாடு" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு வாசித்தார். ஓர் ஊரில் ஒரு விறகுவெட்டி. காட்டுக்குப் போனான். புலியைக் கண்டு மரத்தில் ஏறிக்கொண்டான். "பொழுது சாய்ந்தது. விறகுவெட்டி பத்திரமாக வீடு திரும்பினான்."

"நஹி" என்றாள் மரகதம்.

"என்ன நஹி?"

"தப்பா வாசிக்கிறீங்க. அவன் வரமாட்டான்."

விரல் வைத்து மறுபடி வாசித்தார். திரும்பினான் என்றுதான் அச்சடித்திருந்தது. படத்திலும் விறகுவெட்டி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"அது அவன் கிளம்புற படம் அப்பா" என்றாள் பொறுமையாக.

"சரி, வராம என்ன பண்றான்?"

"அங்கேயே இருப்பான். அவனுக்குக் காடுதான் புடிக்கும். அவன் வீட்டு அம்மா வழி பாத்துப் பாத்து, வீட்டைப் பூட்டி, சாவியை ரோசலின் அத்தைகிட்ட குடுத்துட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு சாத்தாம் கப்பல் ஜெட்டிக்குப் போவாங்க. மெயின்லேண்டு ஜஹாஜ் நிக்கும். பெரிசு."

"ஏறுவாங்களா?"

"தெரியாது. அதுக்குள்ள நான் தூங்கிருவேன்."

சொன்னபடியே தூங்கியும் போனாள்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். எதிலும் ஜெட்டியோ, கடல் தாண்டி ஊருக்குப் போகும் கப்பலோ இல்லை. விறகுவெட்டி கதைக்குள் ரோசலின் எப்படி வந்தாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால், டவுனுக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போடச் சொன்னாள் நீலாவதி. "பாக்கலாம்" என்றார். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார். இது பிள்ளையைத் தூங்கவைக்க அவள் சொன்ன விளையாட்டுக் கதையா, வேறு ஏதாவதா? மூலையில், ஊருக்குப் போகும்போது துணி அடுக்கும் இரும்புப் பெட்டி இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்ததா, பரண்மேல் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். மரகதம் புத்தகத்தோடு கட்டிலில் ஏறிக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு வாசிக்கவே தெரியல. நீ வாசி."

நீலாவதி அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாசித்தாள். "விறகுவெட்டி பத்திரமாக வீடு திரும்பினான்."

"நீயும் தப்பு!"

"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு, கண்ணு."

"அப்ப டெய்லி நீ வாசிக்கிறது?"

தொட்டிலில் கிடந்த சிசு முனகியது. நீலாவதி அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"வீட்டுல வாசிக்கிற மாதிரியே வாசி" என்றார் ஜம்புலிங்கம். அதட்டினாரா, கெஞ்சினாரா என்று அவருக்கே விளங்கவில்லை.

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அச்சில் இருப்பதை வாசிக்கும் அதே குரலில் தொடங்கினாள். பொழுது சாய்ந்தது. விறகுவெட்டி வரவில்லை. அவள் கதவைப் பூட்டினாள். சாவியைக் கொடுத்தாள். ஜெட்டிக்கு வந்தாள். கப்பல் சங்கு ஊதியது.

கதை அங்கே நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றாள் மரகதம். பகல் வெளிச்சம், கண்ணில் துளித் தூக்கம் இல்லை.

"அப்புறம்?" என்றார் அவரும்.

நீலாவதி பக்கத்தைப் புரட்டினாள். வேறு ஒரு கதை, ஆமையும் அரசனும். "தெரியல" என்றாள். "இவ தூங்குனதும் மூடி வச்சிருவேன். அதுக்கு மேல வாசிச்சதே இல்ல."

குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "நாளைக்கு முகாமுக்குப் போற லாஞ்ச் எத்தனை மணிக்கு?"

ஆறு மணிக்கு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், "கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.