பருத்தி பற்றிய ஒரு வரி

ஜெனீவா வர்த்தகப் பேச்சுவார்த்தையின் கடைசி நாள் மதியம் கைக்கு வந்த ஒப்பந்த வரைவில், பருத்தி மானியத்தைக் குறைப்பது பற்றிய வரியைக் காணோம். பெனின் நாட்டின் சார்பில் போயிருந்தது நாங்கள் இருவர்தான். தலைவி எர்மீன் அக்கா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

இடைவேளையில், தன் பருத்திக்கு மானியத்தைக் கொட்டி உலகச் சந்தையில் விலையைச் சரிக்கும் பெரிய நாட்டின் பிரதிநிதி வந்து, அந்த வரிக்குப் பதிலாக எங்கள் விவசாயிகளுக்குப் பயிற்சி நிதி தருவதாகச் சிரித்தபடி சொல்லிப் போனார்.

"வாங்கிக்கலாமே அக்கா," என்றேன்.

"நம்மாளுங்களுக்குப் பருத்தி வெளைவிக்கத் தெரியாதா கோஜோ? வெலதானே கிடைக்கல. பயிற்சியாம் பயிற்சி!"

கூட்டம் மறுபடி கூடியதும் அவைத்தலைவர், "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். ஒரு நாடு மறுத்தாலும் வரைவு நிறைவேறாது. பேச வேண்டும் என்பதற்கு அடையாளமாக அக்கா எங்கள் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தார்.

"அந்த வரி இல்லாம பெனின் ஒத்துக்காது."

மண்டபம் முணுமுணுத்தது. சற்றுப் பொறுத்து எங்களைப் போலவே பருத்தியை நம்பிய மாலியின் பலகை ஆதரவாக நிமிர்ந்தது, பிறகு சாட் நாட்டின் பலகை. வரைவு திருத்தத்துக்குத் திரும்பியது. பயிற்சி நிதிப் பேச்சும் அத்தோடு போயிற்று.

"நம்ம அமைச்சர் இதுக்குச் சரின்னாரா அக்கா?"

"இனிமேதான் அவர்கிட்ட சொல்லணும்," என்று போனை எடுத்தார்.