படத்துக்குள் இருமல்

பெண்களுக்கு நகம் ஒட்டிப் பூச்சுப் போடும் கடையை நிறுவியவர், இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சுவரில் மாட்டியிருந்த தன் படத்துக்குள் நின்றபடி இருமினார். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு இடது சுண்டுவிரலில் மட்டும் பூச்சு மீதி. இருமியவரின் மனைவியான முதலாளியம்மா மருமகளைத்தான் முறைத்தார். ஒரு வருடமாகக் கடையில் இருமுகிறவள் அவள்தான். மத்தியானம் தாண்டினால் தலைவலி, மாலையில் மூச்சிறைப்பு. அதெல்லாம் நடிப்பு, இந்தக் குடும்பத்துப் பெண்கள் வேலைக்கு மூக்கைச் சுளித்ததில்லை என்பது முதலாளியம்மாவின் தீர்ப்பு.

"நான் இல்ல அத்தை," என்றாள் மருமகள். "மாமா."

படம் மாட்டியிருந்த இடத்தில் போன வருடம் வரை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது. அது தள்ளிய காற்று பக்கத்துத் தையற்கடைக்குள் போனது. தையற்காரர் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "உங்க கடை நாத்தம் என் துணியெல்லாம் ஏறுது" என்று சொல்லிவிட்டார். அதுவரை அந்தக் குடும்பத்தை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அன்றே முதலாளியம்மா ஃபேனைக் கழற்றி, துளையைப் பலகையால் அடைத்து, எவரும் கைவைக்கத் துணியாதபடி அதன்மேல் கணவரை மாட்டினார். அதன்பிறகு நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோனின் நெடியும், செயற்கை நகம் ஒட்டும் திரவத்தின் ஆவியும், நகம் ராவிய தூளும் குடும்ப மானத்தோடு சேர்ந்து நாலு சுவருக்குள் பத்திரமாக இருந்தன. மருமகளுக்குத் துணி முகமூடி கிடைத்தது. தூள் அதற்கு ஓரளவு அடங்கியது. ஆவி அதைச் சட்டை செய்யவில்லை.

இரண்டாம் வாரம் படத்தில் இருந்தவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். மூன்றாம் வாரம், நின்றபடி எடுத்த படத்தில், உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் உள்ளே வரும்போதே ஐயாவுக்கு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்கள். முதலாளியம்மா கண்ணாடியைத் துடைத்து, பருவம் சரியில்லை என்றார். நான்காம் வாரம் மருமகளின் கையிலிருந்து அரம் விழுந்தது. கூடவே அவளும் சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவள் சொன்னது இதுதான்: "நான் இருமினா நடிப்பு. மாமாவும் நடிக்கிறாரா? இன்னைக்கு அவரை இறக்குங்க. இல்லன்னா நாளையிலேர்ந்து நான் இந்தக் கடைப் படி ஏறமாட்டேன்."

முதலாளியம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். அதில் கணவரின் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உயிரோடிருந்தபோது ஒருமுறைகூட அவர் அழுது அந்த அம்மாள் பார்த்ததில்லை. சேலையை இடுப்பில் செருகி, ஸ்டூலில் ஏறி, தன் கையாலேயே படத்தை இறக்கினார். ஸ்க்ரூடிரைவரால் பலகையை நெம்பிப் பெயர்த்தார். பிறகு, முதுகு வளையாமல், தையற்கடைக்குள் நுழைந்தார்.

"நீங்க சொன்னது சரி, நாத்தம்தான். இனி உங்க பக்கம் வராது, கூரைக்கு மேல குழாய் போடறேன். உங்க சுவத்துல ஏணி சாத்தணும்."

தையற்காரர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார். "சாத்துங்கம்மா. நான் பிடிச்சுக்கறேன்."

இப்போது ஒவ்வொரு மேஜையிலும் ஆவியை விரலடியிலேயே உறிஞ்சும் விசிறி ஓடுகிறது. குழாய் கூரையைத் தாண்டி நிற்கிறது. மருமகளின் இருமல் இரண்டு மாதத்தில் விட்டது. படம் வாசலருகே இருக்கிறது. அவர் மறுபடி எழுந்து நிற்கவில்லை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாராவது புட்டியை மூடாமல் விட்டால் ஒரே ஒரு முறை இருமுவார்.

"மூடிட்டேன் மாமா," என்பாள் மருமகள், அடுத்த விரலை எடுத்தபடி.