ஒரே கதவு எண்ணில் இரண்டு பேர்

...இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மூக்குக்கண்ணாடி இந்த நிமிஷமே இரண்டாக உடையட்டும், முப்பத்தாறு வருடம் தபால்காரனாக இருந்தவன் நான், கொடுத்ததைக் கொடுத்தபடி கொண்டுபோய்ச் சேர்த்தே பழக்கம், கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது... மணி மூன்று இருபது. நான்கு மணிக்குச் சம்பந்தி வந்துவிடுவார், வீட்டுக்கு அல்ல, டிவிக்குள். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்களுக்குள் கால்பந்து, அவர் ஊரில் அவர் ஒரு கேம் கன்சோலோடு, என் அறையில் நான் ஒன்றோடு, நடுவில் நானூறு கிலோமீட்டர். மகள் செய்த ஏற்பாடு. கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கும்போது மனுஷர் முழங்கையால் என்னை ஓரங்கட்டிவிட்டு நின்றார், ஆல்பத்தில் பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு காதும் அரை மீசையும்தான் மிச்சம், அன்றிலிருந்து பேச்சு கிடையாது, 'உங்கப்பா கிட்ட சொல்லும்மா', 'உன் மாமனார் கிட்ட சொல்லு' என்று இடையில் அவள்தான் தபால்காரி. மூன்று வருடம் தூது போய் அலுத்து, "ரெண்டு பேரும் மைக்கை மாட்டிக்கிட்டு நேரா மோதிக்குங்க, ஆளை விடுங்க" என்றாள். போன ஞாயிறு அவர் இரண்டு கோல் முன்னால் இருந்தபோது என் பக்கம் இணைப்பு அறுந்தது. தானாக அறுந்தது. அதற்குள் குடும்பக் குழுவில் எழுதிவிட்டார், 'தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் சம்பந்தி ஒயரைப் புடுங்கிட்டார்', கூடவே மூன்று சிரிப்புப் பொம்மை, அதற்கு என் மருமகன் ஒரு கட்டைவிரல் வேறு. இன்றைக்கும் நான் வராமல் போனால்? புடுங்கினது புடுங்கினதுதான் என்று முத்திரை குத்திவிடுவார்கள், பிறகு அந்த முத்திரையை எந்த ரப்பரால் அழிப்பது?

கன்சோல் மருமகன் தள்ளிவிட்ட பழசு, அதன் வைஃபை எப்போதோ செத்துவிட்டது, ரூட்டரோ கீழ்த்தளத்தில், அவ்வளவு தூரம் கேபிள் எட்டாது. அதனால் லேப்டாப் வைஃபையைப் பிடிக்க வேண்டும், லேப்டாப்பிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் கன்சோலுக்குப் போக வேண்டும், உள்ளே வைஃபை, கேபிள் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'பிரிட்ஜ்' என்று ஒரு சொடுக்கு, பாலம் தயார். மகள் கட்டிய பாலம் போன வாரம் இடிந்தது, இந்த வாரம் நானே கட்டினேன்... கட்டினேனா? கேபிளை உருவினால் லேப்டாப் ஜம்மென்று ஓடுகிறது, சொருகினால் இரண்டும் உயிரை விடுகின்றன. தனித்தனியே பார்த்தால் தங்கம், சேர்த்து வைத்தால் ரணகளம், என்னையும் சம்பந்தியையும் போல. "என்னங்க, அந்த ஒயரை எத்தனை வாட்டி சொருகி எடுப்பீங்க, அதுக்கே வலிக்கப் போகுது" என்று வாசலில் நின்றுகொண்டு என் மனைவி. பாலம் கட்டறேன் என்றேன். "கட்டுங்க கட்டுங்க, நாலு மணிக்குள்ள முடிக்கலன்னா சம்பந்தி அது மேல நின்னு டான்ஸ் ஆடுவாரு." இவள் எந்தக் கட்சி? நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன், ஒரு பெண் எடுத்தாள், தேன் குரல். "சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" எல்லாத்தையும் நாலு தடவை பண்ணிட்டேம்மா, என்னையும் ஒரு தடவை. "உங்களையா?" ஆமா, படுத்து எந்திரிச்சேன். சிரித்தாள், சிரித்துவிட்டு, பாலமெல்லாம் எங்க வேலையில்ல சார், ரூட்டர் வரைக்கும்தான் எங்க எல்லை என்று கையை விரித்தாள். எல்லையா, எனக்கா? என் வட்டாரத்தில் ஒரு நாய் இருந்தது, பதிவுத் தபாலுக்கு எசமானன் வரத் தாமதமானால் அதுவே மையில் காலை நனைத்து ரேகை வைத்து வாங்கிக்கொள்ளும், தலைமை அலுவலகத்தில் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை, எசமானன் கையெழுத்தைவிட அது தெளிவு. நாய்க்கே எல்லை இல்லாதிருந்தது, இந்தப் பெண்ணுக்கு என்ன... மணி மூன்று நாற்பது. திரையில் அந்த மஞ்சள் முக்கோணம் மறுபடி எட்டிப் பார்க்கிறது, 'இந்த முகவரியை வேறொரு கருவி பயன்படுத்துகிறது'. பயன்படுத்தாதா பின்னே? நானே என் கையால் தட்டிக் கொடுத்த முகவரி. லேப்டாப்புக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, பத்து. கன்சோலுக்கும் அதே. ஒரே அறை, ஒரே மேசை, ஒரே பிளக், ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்களுக்குக் கதவு எண் மட்டும் எப்படி வேறாக இருக்கும், இது ஒரு புகாரா, காலையிலிருந்து ஏழு தடவை 'சரி, சரி' என்று அதை மூடிவிட்டேன்.

ஆனால் என் வட்டாரத்து அந்த அண்ணன் தம்பி... ஏன் இப்போது நினைவுக்கு வருகிறார்கள்? ஒரே வீடு, ஒரே கதவு எண், ஒரே முதலெழுத்து. கலங்கரை விளக்கக் காவலர் வேலைக்கு உத்தரவு வந்தது, அண்ணனுக்கு. கதவைத் தட்டினேன், "நான்தான்" என்று தம்பி வந்தார், கொடுத்தேன். நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும் அவருக்கு, அரசாங்க உத்தரவாயிற்றே என்று போய், இருபத்திரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டே விளக்கேற்றினார், ஒரு கப்பலும் முட்டவில்லை. அண்ணன் தினமும் வழிமறித்து, "எனக்குத் தபால் உண்டா?" என்பார். குடுத்துட்டனே சார். "யாருகிட்ட?" உங்க வீட்லதான், நான்தான்னு சொன்னாரே... நான்தான்னு சொன்னாரே. அட மடையா. கீழே ரூட்டர் என்னைப் போலவே பையை மாட்டிக்கொண்டு நின்று, பத்தாம் எண் யாரப்பா என்று கூவுகிறது, மேலே இரண்டு பேர் ஒரே நேரத்தில் நான்தான் நான்தான் என்று கையை நீட்டுகிறார்கள், அது யாரிடம் கொடுக்கும், பாவம்? அப்போது கடைசியில் என்ன செய்தேன், சாக்கட்டியால் அண்ணன் அறைக் கதவில் 'அ', தம்பி அறைக் கதவில் 'ஆ' என்று எழுதினேன். கன்சோலில் பத்தை அழித்துப் பதினொன்று போட்டேன். கேபிளைச் சொருகினேன், கண்ணை மூடிக்கொண்டுதான். திறந்தால் பச்சைக் குறி. மணி மூன்று ஐம்பத்தாறு. முப்பத்தாறு வருடம் முகவரியில் ஊறியவன் முகவரியில் வழுக்கி விழுந்தேன் என்பதை வெளியே சொல்லத் தேவையில்லை, ரூட்டரில் கோளாறு என்று சொன்னால் போதும்.

சரியாக நான்குக்கு ஹெட்செட்டில் அவர் குரல், "வந்துட்டீங்களா சம்பந்தி? ஒயரெல்லாம் பத்திரமா?" ஒயர் பத்திரமாத்தான் இருக்கு, உங்க கோல் போஸ்ட்டைப் பாத்துக்குங்க என்றேன். பாதி நேரத்தில் மூன்றுக்கு ஒன்று என்று அவர்தான் முன்னால், பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு என் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள், மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, கடைசி நிமிஷத்தில் என் கோல்கீப்பர் எங்கள் வாசலில் நின்று உதைத்த பந்து மைதானம் முழுக்கப் பறந்து, நடுவரின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, சம்பந்தி வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நாலு-மூணு. அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே" என்றார், சம்பந்தி இல்லை, அண்ணே, "அன்னிக்கு அந்த போட்டோவுல நான் கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்." அதுக்கென்னங்க, காது நல்லாத்தான் விழுந்திருக்கு என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம், எனக்கு மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது, அதுவும் உண்மைதான். ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் மகளின் போன், உன் மாமனாரையே கேளு, நாலு-மூணு, இனி உனக்குத் தூது வேலை இல்ல, ராஜினாமா பண்ணிடு என்று மூச்சுவிடாமல் நான் சொல்லி முடித்ததும் மெல்ல ஆரம்பித்தாள், "அப்பா, மாமா உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு... இன்னிக்கு ஆட வரலன்னதும் ஒயரைப் புடுங்கிட்டார்னு குரூப்ல போட்டுடாதீங்களாம், அங்க காலையில ஒம்போது மணிலேர்ந்து கரண்டே இல்ல."