ஆறு விநாடி விளக்கு

டேஷ்போர்டின் அடி மூடியைக் கழற்றிய அடுத்த நொடியே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, இது யார் கை வேலை என்று.

நீலத் துணி டேப். இறுக்கமாக மூன்று சுற்று. நுனியை உள்ளே மடித்து ஒட்டிய விதம். விரலை நுழைத்துத் திருப்பினான். பின்பக்கம், மார்க்கர் பேனாவில் பொடியாக ஒரு தேதி. ஏழின் நடுவே குறுக்காக ஒரு கோடு.

அவனுடைய கையேதான்.

"என்னடா, ஏதாவது தெரியுதா?" வெளியே நின்ற அக்கா குனிந்தாள்.

"இரு, அக்கா. டார்ச்சை ஆட்டாதே."

டார்ச் ஆடவில்லை. தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான்.

டாக்டர் என்பது பட்டப்பெயர். பழைய கார் யார்டில் பதினோரு வருடமாக எலக்ட்ரீசியன். பெரிய கம்பெனி சொகுசுக் கார்கள் பத்து வருடம் ஓடி, மூன்று கை மாறி, எச்சரிக்கை விளக்குகள் மின்ன மின்ன அங்கே வந்து நிற்கும். "டாக்டர், பேஷண்ட் வந்திருக்கு" என்பார் முதலாளி. மறுநாள் விளக்குகள் அடங்கியிருக்கும். நோய் அப்படியே இருக்கும்.

ஏர்பேக் விளக்குதான் அவனுடைய ஸ்பெஷாலிட்டி. விளக்கையே பிடுங்கிப் போட்டால் விவரமானவன் கண்டுபிடித்துவிடுவான். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணைந்தால்தான் ஏர்பேக் நலம். அதனால் டாக்டர் விரல்நுனி அளவு சர்க்யூட் ஒன்றை ஒயரில் கோர்ப்பான். விளக்கு கச்சிதமாக ஆறு விநாடி எரியும். உள்ளே ஏர்பேக் செத்தே கிடந்தாலும் அணைந்துவிடும். மூன்று மாதத்துக்குள் மறுபடி எரிந்தால் இலவசமாகப் பார்த்துத் தர வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. தேதி எழுதுவது அதற்காக.

அந்தத் தேதிக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. அக்கா காரை வாங்கி ஏழு மாதம்தான்.

அக்கா, விபத்துப் பிரிவில் தலைமை நர்ஸ். ஸ்டீயரிங்கில் மோதிய முகங்களை இருபத்தாறு வருடமாகத் துடைத்தவள். "எனக்குப் பாட்டு வேணாம், சன்ரூஃப் வேணாம், எட்டு ஏர்பேக் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். தம்பியின் யார்டுப் பக்கமே வரவில்லை. "உங்க முதலாளிக்குப் பல்லு கூடப் பொய்டா" என்று சொல்லிவிட்டு, வெளியூரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூமில் வாங்கினாள். அந்த ஷோரூமுக்குக் கார் எங்கிருந்து போனது என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஆறு விநாடியில் விளக்கு அணைந்ததைப் பார்த்து, "பக்கா வண்டிக்கா" என்று சான்றிதழ் கொடுத்தவன் டாக்டர். மாதம் ஐம்பது கார் பார்ப்பவன் ஒரு சாம்பல் நிறக் காரை எங்கே நினைவு வைத்திருப்பான்? அவன் வேலை அவனையே ஏமாற்றியிருந்தது.

போன வாரம் கம்பெனியிலிருந்து ரீகால் கடிதம் வந்தது. இந்த மாடலில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒயர் உரசி அறுந்து, மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம். அக்கா நெட்டில் மற்ற ஓனர்களின் புகார்களை வரி விடாமல் படித்தாள்.

"ஒருத்தர் விளக்கு எரியுதுன்னு போய்ச் சொன்னா, 'வயசான வண்டி சார், அப்படித்தான் கண்ணடிக்கும்'னாங்களாம். எல்லாருக்கும் எரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் எரியலை. நான் தப்பிச்சேன்னு நெனச்சேன்டா."

சர்வீஸ் சென்டரில் மூடியைக் கழற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள், கையை விரித்தார்கள். வெளியாள் கை வைத்த ஒயரிங்குக்கு ரீகால் கிடையாதாம். அக்கா விடவில்லை. கடைசியில் இறங்கி வந்தார்கள்: வியாழக்கிழமை எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்டர் இங்கே வருவார். நீங்கள் வாங்கும் முன்பே நடந்தது என்று காட்டினால் மாற்றித் தருகிறோம். அதுவரை எதையும் தொடாதீர்கள்.

"தொட வேணாம், சும்மா பாரு" என்றுதான் அக்கா தம்பியைக் கூப்பிட்டிருந்தாள். "முன்னாடியே செஞ்சதுன்னு காட்ட ஏதாவது அடையாளம் இருக்கா?"

இருந்தது. அவன் இரண்டு விரலுக்கு நடுவில்.

தேதியைக் காட்டினால் அக்காவுக்கு ஏர்பேக் கிடைக்கும். ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஏழாம் எண்ணுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவன் அவன்; அதைப் பார்த்ததும் யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இன்ஸ்பெக்டர். அப்புறம் யார்டு. அப்புறம் போலீஸ்.

"ஒண்ணும் இல்லைக்கா. ஏதோ குப்பை சர்க்யூட். நீ போய் டீ போடு."

அவள் உள்ளே போன ஐந்து நிமிடத்தில் டேப் அவன் சட்டைப் பையில் இருந்தது. சர்க்யூட் சாக்கடையில். ஒயரைப் பழையபடி சேர்த்தான். விளக்கு சிவப்பாக எரிந்தது, அணையவில்லை.

"தொடாதேன்னாங்களேடா!" டீயோடு வந்தவள் பதறினாள்.

"வெளியாள்தானே தொடக் கூடாது? நான் வெளியாளா? இப்ப ஒயரு சுத்தமா இருக்கு. விளக்கும் எரியுது. கண்ணை மூடிட்டு மாத்திக் குடுப்பாங்க, பாரு."

சொல்லும்போது அவனுமே அதை நம்பினான்.

வியாழக்கிழமை சர்வீஸ் சென்டரில் இன்ஸ்பெக்டர் பழைய போட்டோவை டேஷ்போர்டு அருகே பிடித்துப் பார்த்தார்.

"இங்க ஒரு நீல டேப் இருந்தது. யார் எடுத்தாங்க?"

"என் தம்பிதான் சார்" என்றாள் அக்கா பெருமையாக. "எலக்ட்ரீசியன். கை தேர்ந்தவன்."

"எங்க வேலை பாக்குறார்?"

"பழைய கார் யார்டுல."

இன்ஸ்பெக்டர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்துகொண்டே உரக்கப் படித்தார்: "ஓனர் தரப்பில் ஒயரிங் மாற்றப்பட்டுள்ளது. ரீகால் நிராகரிப்பு."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினான்.

"சார், அக்கா மேல தப்பில்லை. நான்தான் செஞ்சேன். இவங்க வாங்குறதுக்கு முன்னாடி. தேதியைப் பாருங்க."

அவர் திருப்பிப் பார்த்தார். "நேத்து ராத்திரி கூட எழுதியிருக்கலாமே. வண்டியில இருந்தவரைக்கும் இது ஆதாரம். இப்ப வெறும் டேப்பு."

அக்கா அதை வாங்கினாள். குறுக்குக் கோடு போட்ட ஏழாம் எண்ணைப் பார்த்தாள்.

இருவரும் காரில் ஏறினார்கள். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

"செய்யறப்ப, இதை யார் ஓட்டுவாங்கன்னு நெனச்சே?"

"நெனைக்கலைக்கா. யாரோ ஓட்டுவாங்கன்னு..."

"இறங்கு."

இறங்கினான். கார் போய்விட்டது.

மூன்று வாரம் அக்கா அவன் போனை எடுக்கவில்லை. நான்காவது வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யார்டு வாசலில் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கினாள். உள்ளே சிவப்பு விளக்கு.

"இதை அணைச்சுக் குடு."

"என்னக்கா?"

"விக்கப் போறேன். ஒயரை ஒட்டுப் போட்டா போதாதாம், ஏர்பேக்கோட முழு செட்டும் மாத்தணுமாம்; வெளியில பாதி கார் விலை ஆகும்கிறான். உங்க மாமா அந்த விளக்கைப் பாத்தா ஏறவே மாட்டேங்கிறார். எரிஞ்சா எவனும் வாங்க மாட்டான்."

"யாருக்குக்கா விக்கப் போறே?"

அவள் நேரே, கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தாள். "யாருக்கோ."

"வாங்கினவன் நாளைக்கு அடிபட்டு உன் வார்டுக்கே வந்து நின்னா?"

"துடைச்சு விடறேன். இருபத்தாறு வருஷமா அதானே பண்றேன்? நீ பேசாம வேலையைப் பாரு."

டாக்டர் மூடியைக் கழற்றினான். சர்க்யூட்டைக் கோர்த்தான். நீல டேப், மூன்று சுற்று, நுனியை உள்ளே மடித்து. சாவியைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு என்று அவள் உதடு எண்ணியது. ஆறில் அணைந்தது.

பழக்கத்தில் அவன் கை மார்க்கரைத் தேடிப் போனது.

"தேதி எழுதாதே" என்றாள் அக்கா.