ஏடு கட்டாத பால்

லாரிசாவுக்கு அன்று அது நாற்பத்தோராவது ஜாடி. செர்னோபில் அணு உலை வெடித்துப் பன்னிரண்டு வருடமாகியும் அந்தச் சந்தையில் காளானோ, காட்டுப் பழமோ, பாலோ, அவள் கதிர்வீச்சை அளந்து முத்திரை வைத்தால்தான் விற்கலாம். பாலில் எண் நூறைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். கொட்டச் சொன்னால் சண்டை. காலையிலிருந்து கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது.

மோத்ரியா கிழவி ஜாடியை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஆல்பாக் கதிரைக் காகிதமே தடுக்கும், பீட்டாவுக்குத் தகடு போதும், காமாவுக்குத்தான் கனத்த ஈயம் வேண்டும் என்று போட்டிருந்தது.

"காகிதமே தடுக்குமாம்ல? அப்ப ஜாடியைப் பேப்பர்ல சுத்திக் கொண்டாரட்டுமா?"

"வாராவாரம் இதே நக்கலா அத்தை? உங்க பால்ல இருக்கிறது சீசியம். குடிச்சா உள்ள போயி சதையில உக்காந்துக்கும். வயித்துக்குள்ள போய் ஈயத்தையா வைப்பீங்க?"

"புத்துநோய் வரும்ங்கிறே. எனக்கு எழுபது. அது வர்றதுக்குள்ள நான் போயிருவேன்."

"குடிக்கிறது நீங்க இல்லையே. வளர்ற பிள்ளைங்க."

போன வாரம் அவள் பால் முந்நூற்று நாற்பது காட்டியது. மாடு மேய்வது அதே சதுப்பு நிலத்தில்தான். இன்று கருவியில் ஏழுதான்.

லாரிசா ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். கறந்து வைத்த பாலென்றால் கழுத்தில் ஏடு கட்டியிருக்கும். இதில் ஒரு கீற்றுக்கூட இல்லை. கடையில் விற்கும் பாக்கெட் பால். கேட்டால் கிழவி ஒப்பாரி வைப்பாள்; வெளியே இன்னும் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். போய்த் தொலையட்டும் என்று சீட்டில் முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"நீ நல்லா இருப்படி கண்ணு," என்றாள் கிழவி, அவள் முகத்தைப் பார்க்காமலே.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் போதான் அடுப்படியில் நின்றான். மேசையில் பால் ஜாடி. கழுத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மஞ்சளாக ஏடு. ஆறு வயது யாரினா கோப்பையைக் காலி செய்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே வாங்கினே?"

"சந்தையிலதான். மோத்ரியாகிட்ட. ஏன், என்னாச்சு?" என்று அவன் ஒரு சீட்டை நீட்டினான். "மத்தவங்ககிட்ட வாங்க எனக்குப் பயம். இதுல உன் கையெழுத்து இருந்துச்சே."