தலைகீழ் அடுக்கு

அக்கா வந்தபோது என் இரவு ஷிஃப்ட் முடிந்திருந்தது. பாறைக் கிடங்கின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"அந்தக் கடலோரத் துளையோட ட்ரேயை இறக்குடா."

"வீட்டுக்குப் போய்த் தூங்கணும்கா."

"காலேஜை விட்டதுலேர்ந்து தூங்கிட்டுத்தானே இருக்க. இறக்கு."

இறக்கினேன். நிலத்தைத் துளையிட்டு எடுத்த பாறை உருளைகள் அதில் வரிசையாகக் கிடந்தன. கையளவுத் துண்டு ஒன்றை நம்பித்தான் அக்காவின் கட்டுரையே. மணல் படியும்போது பருமணல் கீழே தங்கும், நுண்மணல் மேலே. இந்தத் துண்டில் பருமணல் மேலே இருந்தது. அடுக்கு கவிழ்ந்திருக்கிறது, கவிழ்த்தது பழைய மலை என்றாள் அவள். மலை எழும்பியபோது விழுந்த மடிப்பு இந்தத் துளை வரை வந்திருக்கிறது; பிறகு கண்டம் பிளந்தபோது அந்த மடிப்பு வழியாகத்தான் கிழிந்து கடற்கரை உண்டானது. மலை வெகுதூரம் உள்ளேயே நின்றுவிட்டது என்பது மற்றவர்கள் கட்சி. இன்று மதியத்துக்குள் அச்சுக்குச் சம்மதம் சொல்லவேண்டும். அவள் வேலை நிரந்தரமாவதும் அதில்தான் தொங்கியது.

"துண்டை யாராவது தலைகீழா மாத்தி வச்சிருந்தா?" என்றாள்.

எது மேல்முனை என்று தெரிய, துளையிடுபவர்கள் உருளையின் நீளத்துக்கு இரண்டு கோடு இழுப்பார்கள். மேல்முனையை மேலே பிடித்தால் சிவப்பு வலப்பக்கம் வரும், நீலம் இடப்பக்கம். உருளையை நெடுக்காக அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கோடு உள்ள பாதியைத் தொடக்கூடாது. இதில் அந்தப் பாதியைத்தான் அனுப்பியிருந்தார்கள். அது பொடியாகி, அமிலத்தில் கரைந்து, போயே போய்விட்டது.

பக்கத்துத் துண்டுகளோடு பொருத்திப் பார்த்தோம். இரண்டு முனையும் ரம்பம் பட்டு மழமழவென்று இருந்தன. எப்படி வைத்தாலும் பொருந்தியது. மேலும் கீழும் வெறும் களிப்பாறை. அதில் பருமணல், நுண்மணல் என்ற பேச்சே இல்லை; அது வாயே திறக்காது.

"கவுத்தது மலையா, கையா?" என்றேன்.

"உனக்கு என்ன தோணுது?"

"இப்படி வச்சா மலை வந்த மாதிரி இருக்கு. திருப்பி வச்சா வராத மாதிரி இருக்கு."

"இதைச் சொல்ல நீ வேற வேணுமா."

பேராசிரியர் போனில் வந்தார். கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், அந்தத் துண்டை எடுத்துடலாம்."

"எடுத்துட்டா என்னம்மா மிச்சம்? தலைப்பும் கடற்கரையுமா?"

"கடற்கரை அங்கதான் சார் இருக்கு. ஏன் அங்க இருக்குன்னுதான் தெரியல."

"கவுந்திருக்குன்னு நீதானே அடிச்சு சொன்ன?"

"கவுந்துதான் சார் இருக்கு. யாரு கவுத்ததுன்னு தெரியல."

"அப்ப தப்புன்னு எழுதித் தர்றியா?"

"தப்பான்னும் தெரியல சார்."

"அச்சை நிறுத்திடச் சொல்லவா?"

அக்கா துண்டை ஒரு முறை திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"சொல்லிடுங்க சார்."

போனை வைத்துவிட்டு சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்தாள். சமாதானம் சொல்ல எனக்கு வராது. துண்டைக் கையில் வாங்கினேன்.

"எந்தப் பக்கம் மேலே வைக்கட்டும்?"

"என்னைக் கேக்காத."

குறுக்கே வைத்தேன். ட்ரேயின் மூடி உட்காரவில்லை.